பஸ்காரரின் மனு

பட்டாளத்தில் அவருக்கு வைத்த பெயர் பஸ்காரர். எனக்கு அவர் அண்ணன், கூடப் பிறக்காத அண்ணன். போருக்கு முன் ஏழு வருடமும் போருக்குப் பின் இன்றுவரையும் அவர் ஓட்டும் பஸ்ஸில் நான்தான் கண்டக்டர். எனக்கு இடது கண் பார்வை மங்கல். அதனால் பட்டாளத்தில் என்னைக் கழித்துவிட்டார்கள். டிக்கெட் எடுக்காதவர்கள் எல்லாம் என் இடது பக்கமாகப் பார்த்து இறங்குகிறார்கள் என்று டெப்போவில் கேலி செய்வார்கள். அது முழுப் பொய்யும் இல்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் பழுதுப் புத்தகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். டெப்போவில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பழுதுப் புத்தகம் உண்டு. வண்டியை விட்டதும் டிரைவர் அதில் எழுத வேண்டும்: வண்டி எண், என்ன பழுது, எப்போதிலிருந்து, சரிசெய்யாவிட்டால் என்ன ஆகும். பெரும்பாலானவர்கள் ‘பழுது இல்லை’ என்று கிறுக்கிவிட்டு வீட்டுக்கு ஓடுவார்கள். அண்ணன் நின்று நிதானமாக எழுதுவார். டயர் மாற்றினால் டயரின் எண்ணையும் குறித்து வைப்பார். அவர் பேனாவைத் திறப்பதைப் பார்த்தாலே ஒர்க்‌ஷாப் ஃபோர்மனுக்கு டீ குடிக்கத் தோன்றிவிடும். அவர் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். அப்பா மூட்டை தூக்கியவர். ஆனால் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும்.

போரின் இரண்டாம் வருடம், முப்பத்தாறு வயதில், அவருக்கு ஆள்சேர்ப்பு உத்தரவு வந்தது. அண்ணி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். மகள் நாலாம் வகுப்பு. பஸ் ஓட்டியவர் என்பதால் அவருக்கு ஆம்புலன்ஸ் கொடுத்தார்கள்.

ஒரு கல்லூரிக் கட்டடத்தைப் பட்டாள ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். மாடியில் அதிகாரிகளுக்குத் தனித்தனி அறை, ஜன்னலுக்குத் திரை. கீழே பெரிய ஹாலில் சிப்பாய்களின் கட்டில்கள், ஒருவர் புரண்டால் அடுத்தவர் மேல் கை விழும் நெருக்கம். கம்பளியில்கூடப் பேதம் உண்டு. சிப்பாய்க் கம்பளியின் நடுவில் ஒரு கறுப்புக் கோடு போட்டிருந்தார்கள், சலவையில் மாறி மாடிக்குப் போய்விடக் கூடாதாம். அண்ணன் இதைக் கடிதத்தில் எழுதியபோது, கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் அழுக்கும் அந்தப் பக்கம் இருக்கும் அழுக்கும் ஒரே சோப்பில்தான் போகும் என்று அண்ணி பதில் எழுதினாராம்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு ஆம்புலன்ஸ்கள். போக்குவரத்துக்குப் பொறுப்பு ஒரு மேஜர். பெரிய ஆலைக் குடும்பம். மரியாதை தெரியாதவர் இல்லை, யாருக்கு எவ்வளவு என்று அளந்து வைத்திருந்தார். சிப்பாயின் கையிலிருந்து அவர் காகிதம் வாங்கமாட்டார். மேஜைமேல் வைத்துவிட்டு மூன்று அடி பின்னால் போய் நிற்க வேண்டும். பிறகுதான் எடுப்பார்.

ஒரு நாள் ரயிலில் பன்னிரண்டு புது டயர்கள் வந்தன. ஆம்புலன்ஸ் அளவு டயர்கள். ஸ்டோருக்கு இறக்கிப் போடும் வேலை அண்ணனுக்கும் இன்னொருவருக்கும் வந்தது. அண்ணன் பழக்க தோஷத்தில் பன்னிரண்டின் எண்களையும் தன் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். அப்போது அவர் வண்டியில் நான்கும் மொட்டை டயர்கள். ஸ்டெப்னி அதைவிட மோசம், நூல் தெரிந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஸ்டோர் சார்ஜன்ட்டிடம் போய்க் கேட்டார். எல்லாம் போர்முனைக்குப் போய்விட்டது என்றார் சார்ஜன்ட், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு.

அண்ணன் பழுது எழுதிக் கொடுத்தார். டெப்போவில் எழுதுகிற அதே மாதிரி. ‘சரிசெய்யாவிட்டால்: டயர் வெடிக்கும். நோயாளி வழியில் நிற்பார்.’ நான்கு வாரத்தில் நான்கு முறை எழுதினார். நான்கும் ‘பார்த்தேன்’ என்ற ஒரு சொல்லோடும் மேஜரின் கையெழுத்தோடும் திரும்பி வந்தன.

ஐந்தாம் வாரம் அது நடந்தது. போர்முனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் முதலுதவி முகாம் இருந்தது. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர். காலை பத்து மணிக்கு அங்கே இரண்டு பேரை ஏற்றினார்கள். ஒருவர் சின்ன லெப்டினென்ட், தோள்பட்டை எலும்பு முறிவு, கையைக் கட்டித் தொங்கவிட்டு முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். இன்னொருவர் சிப்பாய், வயிற்றில் குண்டுச் சிதறல், பின்னால் ஸ்ட்ரெச்சரில். போருக்கு முன் அவர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். மதியத்துக்குள் கொண்டுபோனால் பிழைப்பார் என்று முகாம் மருத்துவர் அண்ணனிடம் சொன்னார்.

குழாய்க்காரர் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். வயிற்றுக் காயத்துக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. ஊருக்கெல்லாம் தண்ணி வரவெச்சவனுக்கு ஒரு வாய் தண்ணி இல்லையா என்று கேட்டார். லெப்டினென்ட் சிரித்தார், அண்ணனும் சிரித்தார். நல்ல பையன் அந்த லெப்டினென்ட் என்று அண்ணன் இன்றைக்கும் சொல்வார். வழியில் இரண்டு முறை பின்னால் திரும்பி, வலிக்கிறதா என்று கேட்டாராம்.

பதினெட்டாவது கிலோமீட்டரில் முன் டயர் வெடித்தது. அண்ணன் ஸ்டெப்னியை மாட்டினார். முப்பதாவதில் ஸ்டெப்னியும் போயிற்று. இருபுறமும் வெட்டவெளி. அண்ணன் கம்பளிகளை முறுக்கி டயருக்குள் திணித்து ஓட்டிப் பார்த்தார். இருநூறு அடி போவதற்குள் சக்கரத்தின் இரும்பு சாலையில் உரசியது. பின்னாலிருந்து, வேண்டாம், குலுக்காதீங்க என்று குழாய்க்காரர் கேட்டுக்கொண்டார். நிறுத்திவிட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தலைமையகத்தின் கார் ஒன்று வந்தது. உள்ளே டிரைவரும் ஒரு கர்னலும். பின்சீட்டில் ஓர் ஆள் படுக்கலாம். அண்ணன் ஸ்ட்ரெச்சரைக் கைகாட்டினார். கர்னல் காரைவிட்டு இறங்காமலே லெப்டினென்ட்டைப் பார்த்தார்.

“நீங்க ஏறுங்க.”

“சார், பின்னால இருக்கறவருக்குத்தான் அவசரம்,” என்றார் அண்ணன். “வயித்துல காயம். எலும்பு முறிவு காத்திருக்கும், இது காத்திருக்காது.”

“உன்னை நான் கேக்கல,” என்றார் கர்னல். சீட்டெல்லாம் ரத்தமாகும் என்று தன் டிரைவரிடம் சொன்னார், அண்ணன் காதில் விழும்படிதான் சொன்னார்.

லெப்டினென்ட் கொஞ்சம் தயங்கினார். போனதும் வேறு வண்டி அனுப்புகிறேன் என்று அண்ணனின் கையைப் பிடித்துச் சொன்னார். பிறகு ஏறிக்கொண்டார். சொன்னபடி போய்ச் சொல்லவும் செய்தார். ஆனால் ஆஸ்பத்திரியில் அனுப்ப வண்டி இல்லை. இன்னோர் ஆம்புலன்ஸ் மேஜர் வீட்டுச் சாமான்களைப் புது வீட்டுக்கு மாற்றப் போயிருந்தது.

அது வந்து சேர்ந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. தரை முழுக்க வைக்கோல், நிலைக்கண்ணாடி உடையாமல் இருக்கப் பரப்பியது. குழாய்க்காரர் ஒன்றரை மணிக்கே பேச்சை நிறுத்தியிருந்தார். இரண்டு மணிக்கு மூச்சும் நின்றது. அண்ணன் வைக்கோலைக் கையால் கூட்டித் தள்ளிவிட்டு ஸ்ட்ரெச்சரை ஏற்றினார்.

அடுத்த பத்து நாளில், மருந்துப் பெட்டிகளை எடுத்துவர அண்ணன் ரயில்வே சரக்குக் கொட்டகைக்குப் போனார். அங்கே தனியார் லாரிகள் வரிசையாக நின்றன. இரண்டில் புது டயர். எண் இருக்கும் இடம் அரத்தால் ராவியிருந்தது. பின்பக்கம் இரட்டைச் சக்கரம், வெளி டயரை ராவியவர்கள் உள் டயரை விட்டுவிட்டார்கள். அண்ணன் லாரிக்கு அடியில் படுத்து, நோட்டைப் பிரித்து ஒப்பிட்டார். நான்கு எண்கள் பொருந்தின. வெளியே வந்தபோது சட்டை முழுக்க கிரீஸ். கோபம் வரவில்லை என்று என்னிடம் சொன்னார். வண்டியைக் கிளப்பவே கால் மணி நேரம் ஆயிற்றாம்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார், கேப்டன். குழாய்க்காரரின் உடலை வாங்கிக் குறிப்பு எழுதியவர் அவர்தான். அண்ணன் அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அவர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். மனு எழுதுங்கள், ஆனால் முறைப்படி உங்கள் மேலதிகாரி வழியாகத்தான் போக வேண்டும் என்றார்.

“மேலதிகாரி மேலதானேம்மா மனுவே?”

“அதனாலதான் ரெண்டு பிரதி எழுதச் சொல்றேன். ஒண்ணு அவருக்கு. இன்னொண்ணை நான் தலைமையகத்துக்குப் போற தபால்ல சேத்துடறேன்.”

அண்ணன் பதினைந்து வரி எழுதினார். தேதி, டயர் எண்கள், லாரி எண்கள், எந்தக் கிலோமீட்டரில் எது வெடித்தது, கார் எப்போது வந்தது, யாரை ஏற்றியது. ஒரு வசைச்சொல் இல்லை. ஒரு பிரதியை மேஜரின் மேஜைமேல் வைத்துவிட்டு மூன்று அடி பின்னால் நின்றார்.

மேஜர் படித்தார். கத்தவில்லை. அது அண்ணனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

“யார் எழுதிக் குடுத்தது?”

“நான்தான் சார் எழுதினேன்.”

“பஸ் ஓட்டினவன் இப்படி எழுதமாட்டான். உன்னைத் தூண்டிவிடறது யாருன்னு சொல்லு, உன்னை விட்டுடறேன்.”

டயர் எங்கே என்று மேஜர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருடைய கவலை முழுக்க அந்தப் பதினைந்து வரியை எழுதிய மூளை யாருடையது என்பதில்தான். அண்ணனுக்கு வந்த எரிச்சல் அங்கேதான் தொடங்கியது. தன்னைத் திருடன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காதாம்.

தலைமையகத்துக்குப் போன பிரதியை மறைக்க முடியவில்லை. விசாரணை வைத்தார்கள். மூன்று அதிகாரிகள். கல்லூரி நூலகத்தில் நீள மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். மேஜருக்கு நாற்காலி கொடுத்தார்கள், அண்ணனை நிற்க வைத்தார்கள். முதல் கேள்வி எந்த வகுப்புவரை படித்தாய் என்பது. இரண்டாவது அப்பா என்ன வேலை செய்தார் என்பது. மூன்றாவதாக ஒரு தாளையும் பேனாவையும் தள்ளி, எங்கள் முன்னால் ஏதாவது எழுது, கையெழுத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

ஐம்பது புத்தக அலமாரிகளுக்கு நடுவில், முப்பத்தெட்டு வயது மனிதர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குனிந்து நின்று எழுதினார். வேறு என்ன எழுதுவது என்று தோன்றாமல் பழுதுதான் எழுதினார். ஆம்புலன்ஸின் எண். முன் இடது டயர் வெடித்தது. மாற்று டயரும் வெடித்தது. நான்கு முறை எழுதிக் கொடுக்கப்பட்டது. சரிசெய்யாததால்: ஒருவர் இறந்தார்.

மூவரும் தாளைக் கைமாற்றிப் பார்த்தார்கள். வயதில் மூத்தவர் மனுவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டு மற்றவர்களிடம் சொன்னார்.

“கையெழுத்து இவனோடதுதான். யோசனை வேற யாரோடதோ.”

லெப்டினென்ட்டைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். தோள் ஆறியிருந்தது. விசாரணைக்கு முதல் நாள் அண்ணனைத் தாழ்வாரத்தில் பார்த்து, பயப்படாதீங்க, நான் இருக்கேன் என்று அவர் சொல்லியிருந்தார். மறுநாள் மேஜையின் முன் உட்கார்ந்து, வலியில் மயக்கமாக இருந்தது, டயரைப் பற்றியோ காரைப் பற்றியோ தெளிவாக எதுவும் நினைவில்லை என்றார். அவருடைய மாமாவும் மேஜரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்பது அண்ணனுக்குப் பிறகுதான் தெரிந்தது. வெளியே போகும்போது லெப்டினென்ட் அண்ணனுக்குத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று இத்தனை வருடத்தில் அண்ணனால் முடிவுக்கு வர முடியவில்லை.

தீர்ப்பு இரண்டு வாரத்தில் வந்தது. டயர்கள் காணாமல் போனது ஸ்டோரின் பதிவுக் குளறுபடி. ஸ்டோர் சார்ஜன்ட்டின் பதவிப் பட்டையைப் பிடுங்கினார்கள். அவர் தச்சர் மகன், மேஜர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவர். எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் கைகழுவிக்கொண்டார்கள். மேஜருக்குத் தலைநகரில் இன்னும் பெரிய பொறுப்பு கிடைத்தது. டாக்டரம்மாவைத் தொலைவில் ஒரு மலை முகாமுக்கு மாற்றினார்கள். சரக்குக் கொட்டகையில் பட்டாள வண்டியைக் கவனிப்பாரின்றி விட்டுவிட்டு லாரிக்கு அடியில் படுத்த குற்றத்துக்காக அண்ணனுக்கு இருபத்தெட்டு நாள் காவல். அதன் பிறகு ஸ்டீயரிங்கைத் தொட விடவில்லை. போர் முடியும்வரை ரயிலில் மூட்டை இறக்கினார், அவருடைய அப்பா செய்த அதே வேலை. இதுதான் உன் இடம் என்று யாரும் வாயால் சொல்லவில்லை.

காவலிலிருந்து வெளியே வந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு ஆம்புலன்ஸ்களையும் பார்த்தாராம். எட்டும் புது டயர்கள். புது ஓட்டுநர் ஒருவர் ஒன்றில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. குனிந்து எண்களைப் பார்த்துவிட்டு நடந்தார்.

போர் முடிந்து வந்தவரை டெப்போவில் மாலை போடாத குறையாக வரவேற்றோம். நீங்கள் திரும்பி வந்ததே பெரிய விஷயம் என்று எல்லோரும் சொன்னோம். அண்ணி மட்டும் சொல்லவில்லை.

“நீங்க உயிரோட வந்தது போதும்னு நான் சொல்லணும்னு எல்லாரும் எதிர்பாக்கறாங்க,” என்றார் அண்ணி அண்ணனிடம், எனக்குக் காபி வைத்துக்கொண்டே. “எனக்குப் போதல. அந்தக் குழாய்க்காரர் வீட்டுக்குப் போய்ச் சொன்னீங்களா?”

அண்ணன் போகவில்லை. போகாமல் இரண்டு வருடம் ஓட்டினார். விலாசம் அவரிடம் இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்தெரு, பச்சைக் கதவு என்று குழாய்க்காரரே சொல்லியிருந்தார். எங்கள் பஸ் அந்தத் தெருமுனையில் ஒரு நாளைக்கு எட்டு முறை நின்றது. அந்த நிறுத்தத்தில் மட்டும் அண்ணன் தெருவுக்கு எதிர்ப்பக்கமாக, வலது பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குக் காரணம் தெரியாது. கழுத்து வலி என்று நினைத்திருந்தேன்.

கடைசியில் ஒரு விடுமுறை நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வீட்டின் முன்னறைதான் கடை. குழாய்க்காரரின் மனைவி இரும்புக் குழாயைப் பிடிகருவியில் இறுக்கி, நுனியில் திருகு மரை வெட்டிக்கொண்டிருந்தார். கணவர் விட்டுப்போன தொழிலை அவரே எடுத்துக்கொண்டிருந்தார். கை முழங்கைவரை எண்ணெய். அண்ணன் யார் என்று சொன்னதும், உட்காருங்க, மரை பாதியில விட்டா கெட்டுடும் என்று வேலையைத் தொடர்ந்தார். அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். டயர், கார், வைக்கோல், ஒன்றையும் விடவில்லை. தண்ணீர் கேட்டதைச் சொன்னபோது மட்டும் அவர் கருவியை நிறுத்தினார்.

உள்ளே போய் ஒரு கடிதத்தை எடுத்துவந்தார். பட்டாளத் தலைமையகம் அனுப்பியது. தங்கள் கணவர் விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார், எல்லா முயற்சிகளும் செய்யப்பட்டன என்று அச்சடித்திருந்தது. பெயரை மட்டும் மையால் எழுதியிருந்தார்கள்.

“இதைப் படிச்சுப் படிச்சுத்தான் தூங்கியிருக்கேன்,” என்றார். “நீங்க வராமலே இருந்திருக்கலாம். வர்றதா இருந்தா அப்பவே வந்திருக்கணும். ரெண்டும் இல்லாம இப்ப வந்து நிக்கறீங்க.”

நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். இனி அந்தப் பக்கம் போகவே முடியாது என்று அண்ணன் தெருமுனையில் நின்று சொன்னார். ஒன்பதாம் நாள் குழாய்க்காரர் மனைவியே டெப்போவுக்கு வந்தார், கையில் வெள்ளைத் தாள்களோடு. அந்தக் கடிதத்தை மாற்றி எழுதித் தரச் சொல்லி மனுப் போட வேண்டும், பார்த்ததைப் பார்த்தபடி நீங்கள் எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. உதவித்தொகை வேண்டுமென்றால் தனி மனு போடுங்கள் என்று ஓர் அலுவலகத்தில் சொன்னதற்கு, எனக்குப் பொய் எழுதாத கடிதம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

முதல் மனுவுக்கு, சம்பந்தப்பட்ட கோப்பு கிடைக்கவில்லை என்று பதில். இரண்டாவதற்கு, முதல் மனுவுக்கு அளித்த பதிலைப் பார்க்கவும் என்று பதில். லெப்டினென்ட் இப்போது அமைச்சகத்தில் பெரிய பதவியில் இருக்கிறார். இருவரும் அவரைப் போய்ப் பார்த்தார்கள். அண்ணனை அடையாளம் கண்டு எழுந்து நின்றார், டீ வரவழைத்தார், அந்த வயதில் தனக்குத் தைரியம் இல்லை என்று கண்கலங்கினார். ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று குழாய்க்காரர் மனைவி தாளை நீட்டினார். பார்க்கலாம் என்றார். இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் வருடம், ஐந்தாவது மனுவுக்குப் பிறகு, தலைமையகத்திலிருந்து புதுக் கடிதம் ஒன்று வந்தது. அதே அச்சு, அதே வாசகம், அதே வருத்தம். வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரே ஒரு சொல் குறைந்திருந்தது. ‘விரைந்து’ என்ற சொல்லை எடுத்துவிட்டிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனுக்கு வரவில்லை. குழாய்க்காரர் மனைவி அந்தத் தாளை மடித்தார். ஒரு சொல்லுக்கு மூணு வருஷம்னா, பாக்கி சொல்லுக்கெல்லாம் எத்தனை வருஷம் ஆகும்னு கணக்குப் போடுங்க என்றார். அண்ணன் உண்மையாகவே விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

இப்போது ஆறாவது மனு ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் இருவருக்கும் ஒத்துப்போவதே இல்லை. ‘கொன்றுவிட்டார்கள்’ என்று எழுத வேண்டும் என்பது அந்த அம்மா கட்சி. கண்ணால் பார்த்ததைத் தவிர ஒன்றையும் எழுதமாட்டேன் என்பது அண்ணன் கட்சி. போன செவ்வாய்க்கிழமை டெப்போ கேன்டீனில் இரண்டு பேரும் அந்த ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். மூன்று மணி வண்டிக்கு ஆட்கள் ஏறி உட்கார்ந்து டிரைவரைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். நான் போய்க் கூப்பிட்டேன்.

“இன்னும் ரெண்டு வரி இருக்கு,” என்றார் அண்ணன், தலையை நிமிர்த்தாமல்.

அந்த அம்மா அவருக்கு எதிரே கைகட்டி உட்கார்ந்திருந்தார். போகவிடுவதாக இல்லை.